நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் போன வாரம் வந்து பார்த்தேன். கார் கிட் பாகங்கள் வந்த பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கக்கூட இல்லை, அதற்குள் ஒருவர் விடாமல் கேட்டீர்கள்: "எவ்ளோ ஸ்பீடு போவும்?" கேளுங்கள், தப்பே இல்லை. நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன். வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற இந்த வயதிலும், தெருவில் ஒரு நல்ல எஞ்சின் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுகிறவன் நான். வேகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர எதுவும் இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பட்டறை அப்போது டிராக்டர் வேலைக்குப் பேர் போனது. அரவை தொடங்கிவிட்டால் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் எல்லாம் நம் வாசலில்தான் நிற்கும். அப்படி வந்து பழகியவள்தான் மலர்க்கொடி. வடக்கனந்தலில் அவர்களுக்குக் கரும்புத் தோட்டம். இன்ஜினியரிங் படித்துவிட்டு, அப்பா ஏழுமலையோடு விவசாயம் பார்த்தாள். கரும்பு ஏற்றிய டிரெய்லரைப் பின்னோக்கி எடுத்து, ஒரு மாட்டு வண்டிக்கும் ஒரு சுவருக்கும் நடுவில் அவள் செருகியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது.

அவள் ஒரு நாள் லாரியில் நாலைந்து பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் பாடி, சஸ்பென்ஷன் கைகள், பை பையாக நட்டு போல்ட்டு. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், ஆனால் துண்டு துண்டாக. எஞ்சினும் கியர் பாக்ஸும் அடிபட்ட ஒரு பழைய காரிலிருந்து எடுத்தது. "மாட்டிக் குடுங்கண்ணா. மெட்ராஸ் பக்கம் டிராக்ல ரேஸ் உடப்போறேன்," என்றாள். என் கூட்டாளி இக்பால் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோதண்டண்ணா, இதுல கதவே இல்லையே," என்றான். கூரையும் இல்லை. ஏழுமலை வந்து பார்த்துவிட்டு அதற்கு மாட்டுத்தொட்டி என்று பெயர் வைத்தார். கடைசி வரைக்கும் அவர் அதைக் கார் என்று சொல்லவே இல்லை.

அந்த வண்டியைக் கட்டிய மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. டிராக்டர் வேலையில் யாரோ செய்த வண்டியை நாம் சரி பண்ணுகிறோம். இதிலோ ஒவ்வொரு போல்ட்டும் நாம் போட்டது. சைலன்சர் மாட்டாமல் முதல்முறை ஸ்டார்ட் பண்ணியபோது எதிர் டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. மலர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். இக்பால் ஆனந்தத்தில் ஒரு ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் இரண்டு நாள் தேடினான். அது பானெட்டுக்குள் இருந்தது.

வண்டி முடிந்ததும் பூஜை. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சந்தனம், குங்குமம், மாலை, நாலு டயருக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். வண்டி தரையோடு தரையாக இருந்ததால் ஏழுமலை ஏறக்குறையப் படுத்துக்கொண்டுதான் பழங்களை வைத்தார். பட்டறைத் தரை சமதளம். எஞ்சினைப் போடவில்லை. இக்பால் பின்னாலிருந்து ஒரு கையால் தள்ளினான். நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. அவ்வளவு லேசாக ஓடியது வண்டி. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே ஏழுமலை ஒரு நிபந்தனை போட்டார். "தரையில எது வேணா ஓடும். மலையில ஏத்தி எறக்கிக் காட்டு. அப்பால மெட்ராசுக்குப் போ. இல்லன்னா இந்தத் தொட்டி வூட்டோட கெடக்கட்டும்." மகளுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அதை வாய்விட்டுச் சொல்ல வராததால் நிபந்தனையாகச் சொன்னார். ரேஸ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நம்பர் பிளேட் இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டக் கூடாது. கல்வராயன் மலையில் தெரிந்த ஒருவரின் பண்ணை இருந்தது. பண்ணைக்குள்ளேயே அடிவாரக் கேட்டிலிருந்து மேட்டுக் கொட்டகை வரைக்கும் வளைந்து வளைந்து போகும் தார் ரோடு. மரவள்ளிக் கிழங்கு ஏற்ற லாரிகள் வரும் வரைக்கும் காலையில் ஓட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மலர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் குள்ளம். சீட் போல்ட் போட்டு இறுக்கியது, நகராது. பிரேக் பெடலை விரல் நுனியால்தான் தொட முடிந்தது. "பெடலக் கொஞ்சம் கிட்ட கொண்டாங்கண்ணா," என்றாள். பெடலையும், பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கிற கம்பியில் திருகு மரை உண்டு. இக்பால் அதைத் திருகி நீட்டினான். பெடல் அவள் காலுக்கு வந்தது. வாசலில் இரண்டு முறை ஓட்டி அமுக்கிப் பார்த்தோம். அடித்து வைத்த மாதிரி நின்றது. மூன்று பேரும் சந்தோஷமாக டீ குடிக்கப் போனோம்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் தாண்டி, லாரிமேல் தார்ப்பாய் போட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போய்ப் பண்ணைக் கேட்டில் இறக்கினோம். மலர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் இக்பாலும் ஏழுமலையும் பண்ணை ஜீப்பில் பின்னால். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் அடங்கி, மறுபடி குரலெடுத்து, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. மரவள்ளிக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். ஆடுகள் திசைக்கு ஒன்றாகத் தெறித்தன. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் இக்பாலும் சின்னப் பசங்கள் மாதிரி கத்திக்கொண்டே போனோம்.

பாதி வழியில் கொஞ்சம் சமதளம் வந்தது. மலர் நிறுத்தினாள்.

"இன்னாம்மா, எப்டி இருக்குது?" என்றேன்.

"நல்லாத்தான் கீதுண்ணா. மேல ஏற ஏற இழுவ கம்மியா இருக்குது. பிரேக்கு புடிக்குது."

"புடிக்கட்டும்மா. அதுக்குத்தானே வெச்சிருக்கோம்," என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

இக்பால் இழுவை கம்மி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். மலைக் காற்று எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பிப் போனதும் ட்யூனிங்கை மாற்றலாம் என்றான். தீய்ந்த வாசனை லேசாக வந்தது. புது பிரேக் பேட் முதல் சூட்டில் அப்படித்தான் வாடை அடிக்கும் என்று நானே விளக்கம் சொன்னேன். வாயில் வந்த காரணம் எல்லாமே பொருத்தமாக இருந்தது, அதனால் யாரும் இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

மேட்டில் கொட்டகைக்குப் பக்கத்தில் சூலம் நட்ட ஒரு சின்னக் கோயில். அங்கே வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினாள். இனிமேல் இறக்கம். நிபந்தனையில் முக்கியமான பாதி அதுதான். ஏழுமலை மடியிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். "ஏத்தத்துக்கு வெக்கலன்னா பரவால்ல. எறக்கத்துக்கு வெக்காம உடமாட்டேன்," என்று மறுபடியும் தரையில் படுத்தார். கற்பூரம் காட்டினார்கள். பண்ணை ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"நூட்ரல்ல போடும்மா. பிரேக்க உடு. வண்டி தானா எறங்கி பழத்து மேல ஏறட்டும்," என்றார்.

மலர் காலை எடுத்தாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"எடுத்தாச்சா?"

"எடுத்துட்டேம்பா. ஹேண்ட் பிரேக்கும் போடல."

நல்ல சரிவு. வெறும் கல்லை வைத்தால்கூட உருண்டு போகும். நாலு பழமும் டயருக்கு முன்னால் மஞ்சளாக, ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. பண்ணை ஆட்களில் ஒருவர், "வண்டிக்கு எறங்க மனசில்ல," என்றார். சிரிப்பு எழுந்தது. ஏழுமலை சிரிக்கவில்லை. "சாமி உத்தரவு குடுக்கலியா?" என்று சூலத்தைப் பார்த்தார். இக்பால் வண்டிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தான். "லேசா ஒரு தள்ளு தள்ளுனா ஏறிடும்ண்ணா."

"தொடாத," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

பட்டறையில் சமதளத்தில் ஒரு கையால் தள்ளி நசுங்கிய பழம், இங்கே சரிவில் ஏன் நசுங்கவில்லை? மனசுக்குள் அந்தக் கேள்வி வந்து விழுந்ததும், பாதி வழியில் அவள் சொன்ன வார்த்தை கூடவே வந்தது. புடிக்குது.

இப்போது நான் நின்ற நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஏழுமலை. அவர் காதுபட பிரேக்கில் கோளாறு என்று சொன்னால் மலரின் ரேஸ் அங்கேயே முடிந்தது. அடுத்த ஞாயிறு என்ன, எந்த ஞாயிறும் அவளை விடமாட்டார். எஞ்சின் சூடாகிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் சத்தமில்லாமல் பார்த்திருக்கலாம். உண்மையாகவே அந்தப் பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பயந்தபடியே எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டேன்.

"மலரு, கீழ பிரேக்கு புடிக்குதுன்னு சொன்னியே. அமுக்குனப்பவா, உட்டதுக்கு அப்புறமா?"

"உட்டதுக்கு அப்புறம்தாண்ணா. கால எடுத்தாலும் புடிச்சிக்கினே இருந்துச்சி. அதத்தானே சொன்னேன். நீங்க புடிக்கட்டும்னீங்க."

ஒரே வார்த்தை. அவள் சொன்னது பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று. நான் புரிந்துகொண்டது பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று. உள்ளங்கையை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தொடவே வேண்டியிருக்கவில்லை, தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது. மலை ஏறிய நேரம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே ஏறிய கதைதான். அதனால்தான் இழுவை கம்மி. அதே சூட்டோடு இறக்கத்தில் விட்டிருந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டியிருக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கும். அந்த ரோட்டில் ஒரு வளைவுக்கும் தடுப்புச் சுவர் கிடையாது.

ஏழுமலை என் பக்கத்தில் வந்தார். "இன்னா கோதண்டம், வண்டி கெட்டுதா?"

"வண்டி கெடல. பிரேக்கு உடாம புடிக்குது. இப்ப எறங்குனா ஆபத்து. அன்னிக்கி பூஜையில நாலு பழமும் நசுங்குச்சி, நீங்களே பாத்தீங்க. அதுக்கப்பறம் எத தொட்டோமோ அதுலதான் கோளாறு."

சொல்லி முடிக்கவில்லை. இக்பால் தலையில் கை வைத்துக்கொண்டான். "பெடலு," என்றான். "நாந்தான் கம்பிய நீட்டுனேன்."

பிள்ளைகளே, கோளாறு தேடும்போது ஆயிரம் இடத்தில் தேடாதீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு எங்கே கை வைத்தோம், இந்த இரண்டையும் கேளுங்கள். அந்தக் கம்பிக்கும் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தாக வேண்டும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்கினால்தான் ஆயில் தன் டப்பாவுக்குத் திரும்பும். நாங்கள் கம்பியை நீட்டியதில் பிஸ்டன் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிட்டது. குளிர்ந்திருக்கும்போது தெரியாது. சூடேறி ஆயில் விரிந்தால் திரும்பிப் போக வழியில்லாமல் அதுவே பிரேக்கை அழுத்தும். அழுத்த அழுத்த இன்னும் சூடு, இன்னும் அழுத்தம்.

காரணம் தெரிந்ததாக நான் நினைத்தேன். ஆனால் நினைப்பது போதாது, ஏழுமலைக்குக் கண்ணால் தெரிய வேண்டும். எலுமிச்சம்பழத்துக்கு ஒரு ஜாண் முன்னால் நாலு சக்கரத்துக்கும் பெரிய கல் வைக்கச் சொன்னேன். எல்லோரையும் ஓரமாக நிறுத்தினேன். மலர் சீட்டிலேயே ஹேண்ட் பிரேக்கில் கை வைத்து உட்கார்ந்தாள். பக்கவாட்டில் குனிந்து, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருந்த இரண்டு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சிலிண்டர் நூலளவு முன்னால் நகர்ந்தது. அந்த நூலளவுதான் வேண்டியிருந்தது.

உள்ளே எங்கேயோ 'டிக்' என்றது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டது போல அசைந்து தானாக உருண்டது. பச்சக் பச்சக் என்று நாலு பழமும் நசுங்கின. சக்கரங்கள் கல்லில் போய் நின்றன. எலுமிச்சை வாசனை குப்பென்று வந்தது. பண்ணை ஆட்கள் கை தட்டினார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, முழங்கால் வலி மட்டும் இல்லையென்றால் குதித்திருப்பேன். என் வாழ்க்கையில் எத்தனையோ எஞ்சின் ஓட வைத்திருக்கிறேன், ஒரு வண்டி உருண்டதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பிரேக் ஆறும் வரை காத்திருந்தோம். இக்பால் கம்பியைப் பழைய அளவுக்குத் திருகினான். நான் இடைவெளியை விரலால் ஆட்டிப் பார்த்தேன், பிறகு மலரை ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். சூடேறிய ஆயிலை வெளியே எடுத்துவிட்டுப் கையோடு கொண்டுவந்த புது ஆயிலை ஊற்றி, குழாயில் புகுந்த காற்றையும் எடுத்தோம். பெடல் மறுபடியும் அவள் காலுக்கு எட்டாமல் போயிற்று. பண்ணை ஜீப்பின் மெத்தை ஒன்றைக் கழற்றி அவள் முதுகுக்குப் பின்னால் வைத்து, வாரால் அசையாமல் கட்டினோம். மெதுவாக இறங்குவதற்கு அது போதும். ரேஸுக்கு ஒழுங்கான முதுகு மெத்தை பிறகு பட்டறையில் செய்தோம். ஆளுக்காகப் பெடலை இழுக்காதீர்கள், ஆளைப் பெடலுக்குக் கிட்டே உட்கார வையுங்கள். முதல் நாளே அதைச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இதற்குள் பண்ணை மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார். மரவள்ளி லாரிகள் கேட்டுக்கு வந்துவிட்டன, ரோட்டை விட வேண்டும் என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மலர் ஹெல்மெட்டைக் கழற்றப் போனாள்.

ஏழுமலை மேஸ்திரியிடம் கையை நீட்டிப் போனை வாங்கினார். "யாரு, நம்ம நைனார்பாளையம் டிரைவரா? நான் வடக்கனந்தல் ஏழுமலை. எல்லாரும் எறங்கி டீ குடிங்க. நான் சொல்றப்ப வண்டிய எடுங்க," என்றார். போனைக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீ எஞ்சின் சூடாயிடுச்சி, அது இதுன்னு சொல்லுவேன்னு பாத்தேன். அப்டி சொல்லியிருந்தா நான் இந்த ஜென்மத்துக்கு அவள உட்டிருக்க மாட்டேன். ஏங் கண்ணு முன்னாலயே கழட்டிக் காட்டிட்ட." பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னொரு ஹெல்மெட்டு இருக்குதா?"

"அப்பா, நீ எதுக்கு?" என்றாள் மலர்.

"தொட்டியில ரெண்டு பேரு உக்காரலாம்னுதானே சொன்னீங்க?"

கதவு இல்லாத வண்டிக்குள் அவரை இறக்கி உட்கார வைக்க நாங்கள் பட்ட பாடு தனி. இக்பால் அவருக்கு பெல்ட் மாட்டினான். கல்லை எடுத்தோம். மலர் காலை எடுத்தாள். வண்டி தானாக உருண்டு, எஞ்சின் பிடித்து, முதல் வளைவில் மறைந்தது.

நானும் இக்பாலும் மேட்டிலேயே நின்றோம். கண்ணுக்குத் தெரியாததால் காதால் பின்தொடர்ந்தோம். எஞ்சின் அடங்கியது, ஒரு வளைவு. மறுபடி எழுந்தது. அடங்கியது, இன்னொரு வளைவு. ஒவ்வொரு முறை அடங்கும்போதும் இக்பால் என் கையை இறுக்கினான். கடைசியில் சத்தம் ஒரேயடியாக நின்றுபோனது. கேட்டில் நின்றதா, வேறு எங்காவது நின்றதா, தெரியவில்லை. மலை முழுக்க அமைதியாக இருந்தது. என் போனை நான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. மலர்தான்.

"பிரேக்கு எப்டிம்மா?" என்றேன்.

"அமுக்குனா புடிக்குது. உட்டா உட்டுடுதுண்ணா."

நம் பட்டறையில் இன்றைக்கும் பிரேக்கைப் பற்றி அந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 'புடிக்குது' என்று மட்டும் யாராவது சொன்னால் இக்பால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எப்போது என்று கேட்பான். ஏன் கேட்கிறான் என்று உங்களில் ஒருவர் என்னிடம் முணுமுணுத்தார். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

போனில் பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுகிறார் என்று புரிந்தது.

"கோதண்டத்தக் கேளு. வர்றப்ப பூரா கண்ண மூடிக்கினே வந்துட்டேன், ஒண்ணும் பாக்கல. லாரிங்க இன்னுங் கொஞ்சம் நிக்கட்டும். இன்னொரு வாட்டி போலாமா?"